மணிக்கூண்டில் அடித்த ஆணி

மார்ச் 3, திங்கள்

பழைய நகரப் படத்தின் ஏழாம் தாளை இன்று ஏற்றினேன். நூறு வருடத்துக்கு முந்தைய தாளை ஸ்கேன் செய்து, இன்றைய வரைபடத்தின் மேல் விரித்து, இரண்டிலும் இருக்கிற இடங்களைப் புள்ளி வைத்துப் பிணைக்க வேண்டும். அலுவலகத்தில் இதை ஆணி அடிப்பது என்போம். பாலத்தில் ஒன்று, நீதிமன்றத்தில் ஒன்று, மணிக்கூண்டில் ஒன்று. அப்புறம் வீடு வீடாக, கிணறு கிணறாகத் தரவுத்தளத்தில் பதிய வேண்டும்.

மாலையில் எழுந்து நடந்தால் எந்தக் காலத்துத் தெருவில் போகிறேன் என்றே தெரிவதில்லை. பேருந்து நிறுத்தத்தில், இல்லாத தோப்பு ஒன்றைச் சுற்றிக்கொண்டு போனேன். பின்னால் வந்தவர் முறைத்தார்.

மார்ச் 5, புதன்

அக்கா இங்கே குடிவர, என் வீட்டுக்கு அடுத்த தெருவில் வீடு பார்த்திருக்கிறாள். கல்யாணமாகிப் போனதிலிருந்து அவள் ஒரு ஊர், நான் ஒரு ஊர். இனிமேல் சண்டை போடக்கூட போன் வேண்டாம். கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 7, வெள்ளி

ஏழாம் தாளில் ஒரு குளம். நீல மை வெளுத்து, வானத்துண்டு மாதிரி. பதிந்துவிட்டு இன்றைய வீடுகளை மேலே போட்டேன். அக்கா பார்த்த வீடு குளத்தின் நட்டநடுவில் நிற்கிறது.

தூர்த்த குளத்தின் மேல் வீடு என்றால் சுவர் விரிசல் விடும், மழைக்குத் தரை ஊறும். சொல்லாமல் இருந்துவிடலாமா? அவள் வந்தால் போதும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

மார்ச் 8, சனி

சொல்லிவிட்டேன். போனிலேயே அக்கா வெடித்தாள்.

"நான் வர்றது பிடிக்கலைன்னா நேரா சொல்லிடு. எதுக்குடி குளத்தைக் கொண்டுவந்து நடுவுல வெக்கிற?"

போனை வைத்துவிட்டாள். நான் என்ன, வேணும்னா செஞ்சேன்? அழுகையாக வருகிறது.

மார்ச் 9, ஞாயிறு

கனவில் அந்தக் குளம். அக்கா அக்கரையில் துணி உலர்த்துகிறாள், நான் கூப்பிடுவது கேட்கவில்லை. தண்ணீர் என்னவோ அழகாகத்தான் இருந்தது.

மார்ச் 12, புதன்

எட்டாம் தாள் ஏழோடு ஒட்ட மாட்டேன் என்கிறது. விளிம்பில் தெருக்கள் முறிந்து நிற்கின்றன. ஒரு தெரு நேரே யார் வீட்டுச் சமையலறைக்குள்ளோ நுழைகிறது. அலுவலகத்தில் ஸ்கேன் எடுக்கும் அண்ணன், அந்தத் தாளுக்குப் பிறகு வரைந்த படம் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் மணிக்கூண்டு இருக்கிறது — ஒரே இடத்தில் இல்லை. சாலையை அகலமாக்கியபோது அதைப் பிரித்து, ஒரு தெரு மேற்கே தள்ளித் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

"நகர்ந்த கூண்டுலயா ஆணி அடிச்சே? நல்லா இருக்கு போ" என்றார்.

பிடுங்கி, பழைய இடத்தில் அடித்தேன். தாள் மெல்லக் கிழக்கே நகர்ந்தது. தெருக்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. குளம் அக்கா வீட்டை விட்டு இறங்கி, ஊர்ந்து வந்து, என் வீட்டின் மேல் படுத்துக்கொண்டது.

சிரிப்பதா, அழுவதா?

மார்ச் 13, வியாழன்

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையதுதான் என்றும் சொன்னேன். அப்புறம் கேட்டாள்:

"அப்ப குளத்துக்குள்ள இருக்கிறது நீயா?"

"ஆமாக்கா."

"அப்படின்னா நான் கரைக்கு வந்துதான் ஆகணும். நீ முங்கினா யாரு தூக்குறது?"

மார்ச் 30, ஞாயிறு

அக்காவின் சாமான்கள் வந்து இறங்கின. மாலையில் என் வீட்டுக் கூடத்தில் இருவரும் கால்நீட்டி உட்கார்ந்திருந்தோம். அவள் தரையைத் தட்டிப் பார்த்து, ஆழம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டாள். படத்தில் போடவில்லை என்றேன்.