முதல் குழியின் மண்

நேற்று உன் மனைவி வந்திருந்தார். நீ சேர்த்து வைத்த ஜாம் போத்தல்களைப் பெட்டியோடு கதிரையில் வைத்து, "உங்களிட்டத்தான் குடுக்கச் சொன்னவர், அண்ணை" என்றார். ஒரு மூடியைத் திறந்தேன். பழைய கிணற்று மண்ணின் வாசம். உன்னோடு இருபது வருடம் கிணறு வெட்டியவன் நான், அந்த வாசத்தில் கொஞ்ச நேரம் அழுதேன்.

வெட்டும்போது மண் மாறும் இடமெல்லாம் ஒரு பிடி எடுத்து வைப்பாய். வேலை முடிந்ததும் கீழ்மண் கீழே, மேல்மண் மேலே என்று போத்தலில் நிரப்புவாய். கிணற்றுக்கு ஒரு போத்தல். உனக்கு விசர் என்று எத்தனை தரம் நக்கலடித்திருப்பேன்!

மல்லாவிப் போத்தலின் அடியில் சுண்ணாம்புக்கல்லும் சிப்பித் துண்டுகளும் கிடக்கின்றன. அன்று கிணற்றுக்குள் நின்றபடி, இங்கே ஒரு காலத்தில் கடல் கிடந்திருக்கிறது என்று சத்தம் போட்டாய். மனிதனே பிறக்காத காலத்துக் கடல். அதற்கு மேல் களி, களிக்கு மேல் கிரவல், எல்லாவற்றுக்கும் மேல் நாங்கள் நெல் விதைக்கிற இரண்டு சாண் மண். "இவ்வளவும் அடுக்க எத்தினை லட்சம் வருசம் எடுத்திருக்கும், மச்சான்? மனிசன் ஒருக்காத் தோண்டினால் காணும், பிறகு ஆராலும் அதை அடுக்க ஏலாது."

பெட்டியின் அடியில் இருந்த போத்தலில் அடுக்கே இல்லை. களியும் கிரவலும் மேல்மண்ணும் கலந்து கிடந்தன. உன் கையெழுத்தில் "உடையார்கட்டு, முதல் குழி" என்று எழுதியிருந்தது.

சண்டையில் காணாமல் போன உன் தம்பியைக் கடைசியாகக் கண்டவர்கள் அந்த ஊரில்தான் கண்டார்கள். சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு அங்கே ஒரு வளவில் கிணறு வெட்டப் போனோம். இடுப்பளவு ஆழத்தில் நீ மண்வெட்டியை நிறுத்தினாய். "இது கலந்த மண். ஆரோ தோண்டி மூடியிருக்கினம்" என்றாய். நான் எட்டிப் பார்த்தேன். "பங்கர் மண்ணடா. மூடிப்போட்டு அங்கால வெட்டுவம்" என்றேன்.

வன்னியில் குண்டுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டாத வளவு ஏது? நீ நம்பினாய். ஆனால் பங்கர் என்றால் உக்கின பனங்குற்றி கிடக்கும், சீலையில் தைத்த மண்மூட்டையின் கிழிசலாவது கிடக்கும். அங்கே ஒன்றுமே இல்லை. அது ஆரையோ புதைத்த குழி என்று எனக்குத் தெரியும். விசாரணை, பொலிஸ், கேள்வி என்று பயந்துவிட்டேன். மூடினோம். தள்ளி வெட்டிய கிணற்றில் நல்ல தண்ணீர் வந்தது.

வவுனியா ஆஸ்பத்திரியில், சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட உன் கடைசி நாட்களில், நீ என் கையைப் பிடித்துக் கேட்டாய்.

"அது பங்கர்தானே?"

"ஓம்" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

அந்தப் போத்தலை ஏன் எனக்கு அனுப்பினாய் என்று இரவு முழுக்க யோசித்தேன். காலையில் உன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உன் மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இடம் நினைவிருக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வளவின் ஒற்றைப் பனையிலிருந்து கிழக்கே ஒன்பது அடி. பங்கர் என்று உனக்குச் சொல்லிக்கொண்டே, அன்றைக்கே காலால் அளந்து வைத்திருந்தேன்.