பயில்வான் மாவு

மார்ச் 4, செவ்வாய்

காலையில் மனைவியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது என் கால்கள் மடிந்துவிட்டன. பிடியை விடவில்லை; விடாததால் இருவரும் சேர்ந்தே தரைக்கு வந்தோம். அடி ஒன்றுமில்லை. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவளுக்கு இடப்பக்கம் உதவாது. எனக்கு இரண்டு பக்கமும் உதவாது என்பது இன்றுதான் தெரிந்தது.

“ஏங்க, கீழ வந்ததுதான் வந்தோம், கட்டிலுக்கு அடியில என் சீப்பு கெடக்கான்னு பாருங்க” என்றாள். கிடந்தது.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. வேலைக்குப் போகிற வழியில் மகன் எட்டிப் பார்த்ததால் பிழைத்தோம். இருவரையும் தூக்கி உட்கார வைத்தான். பிறகு என்னைக் கூடத்துக்கு அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினான். “அப்பா, இனிமே உங்களால முடியாது. அந்தப் பராமரிப்பு இல்லத்துல ஜூன் மாசம் ஒரு இடம் காலியாகுதாம். அம்மாவுக்கு மட்டும்.”

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? யார் எது சொன்னாலும் ஆட்டியே பழகிய தலை.

அம்மாவுக்கு மட்டும்.

மார்ச் 7, வெள்ளி

அவளுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோ பெண், இன்று அவளை விட்டுவிட்டு என் தொடையை அழுத்திப் பார்த்தாள். கூச்சமாக இருந்தது.

“அம்மா கால் இருக்கட்டும் ஐயா. உங்க கால்ல சதையே இல்லையே. என்ன சாப்பிடுறீங்க?”

சொன்னேன். காலையில் ரொட்டி, தேநீர். மதியம் கொஞ்சம் சோறு. இரவில் கஞ்சி.

“இதுல தசைக்கு என்ன போடுறீங்க?”

வயதாக ஆக, உடம்பு புரதத்தை முன்போல் பிடித்து வைத்துக்கொள்வதில்லையாம். இளைஞனைவிடக் கிழவனுக்குத்தான் கூடுதலாக வேண்டுமாம். பசியோ குறைந்துகொண்டே போகிறது. அதனால் வே புரதம் என்ற மாவைச் சொன்னாள். சீக்கிரம் செரிக்கும், தசை வளரத் தேவையான சத்து அதில் நிறைவாக இருக்கிறது என்றாள். ஆனால் முதலில் ரத்தப் பரிசோதனை. சிறுநீரகம் சரியில்லாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. “அப்புறம், மாவை மட்டும் குடிச்சிட்டுச் சாஞ்சு உக்காந்தா ஒண்ணும் நடக்காது ஐயா. தினம் நாற்காலியில உக்காந்து உக்காந்து எழுந்திரிக்கணும்.”

பாடநூல்களை மொழிபெயர்த்தே காலத்தைக் கழித்தவன் நான். உட்காருவதில் எனக்குப் பயிற்சி போதும். எழுந்திருப்பதுதான்—

மார்ச் 11, செவ்வாய்

சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. மருத்துவர், “தாராளமா குடிங்க” என்றார்.

உடற்பயிற்சிக் கூடத்தை ஒட்டிய கடைக்குப் போனேன். வாசலில் இரண்டு முறை திரும்பி நடந்தேன், சொல்ல வெட்கம். கடைக்காரர் ஒரு மலை. அவர் கை என் இடுப்பளவு. “பேரனுக்கா ஐயா?” என்றார். “எனக்கு” என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

பால் திரிந்து கட்டி ஒதுங்கியபின் மங்கலாக நிற்குமே ஒரு தண்ணீர், அதிலிருந்து எடுப்பதுதான் இந்த மாவு என்று அவளுக்கு விளக்கினேன்.

“நான் காலம்பூரா வடிச்சுக் கொட்டுன தண்ணியா? அதைக் காயவெச்சு டப்பாவுல போட்டு உங்க தலையில கட்டிட்டானா?” சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. மாவுக்குப் பெயரும் வைத்துவிட்டாள்: பயில்வான் மாவு.

மார்ச் 12, புதன்

டப்பாவோடு வந்த தாளில் ‘ஒரு கரண்டி மாவை ஒரு தம்ளர் நீரில் கலக்கவும்’ என்றிருக்கிறது. எந்தக் கரண்டி? குழம்புக் கரண்டியா, மேசைக்கரண்டியா, தேக்கரண்டியா? மொழிபெயர்த்தவன் என்னிடம் சிக்கியிருந்தால் சிவப்பு மையால் தீட்டியிருப்பேன். கடைக்குப் போன் செய்து கேட்கலாம். இதைக்கூடவா கேட்பது?

சந்தேகம் வந்தால் சிறியதை எடுப்பது என் வழக்கம். தேக்கரண்டி. அதிலும் தலை தட்டி.

மார்ச் 19, புதன்

மகன் டப்பாவைப் பார்த்துவிட்டான்.

“இது ஜிம்முக்குப் போற பசங்க குடிக்கிறதுப்பா! இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு? கிட்னி போயிடும்.”

“ரத்தப் பரிசோதனை முடிவு அலமாரியில இருக்கு. படிச்சுப் பாரு.”

இதைச் சொன்னது நான்தான். சொல்லிவிட்டுக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். அவன் படித்தான். “அம்மா விஷயத்துல பிடிவாதம் பிடிக்காதீங்கப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

பிடிப்பேன். இதுவரை எதிலும் பிடித்ததில்லை. என் பங்கு அப்படியே மீதி இருக்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

முன்னேற்றம் இல்லை. நாற்காலிக் கைப்பிடியை அழுத்தாமல் எழ முடியவில்லை. மலைபோல் இருக்கிற அந்தக் கடைக்காரர் மலையாகவே பிறந்திருப்பாரோ? என்னை எல்லோருமாகச் சேர்ந்து ஏமாற்றுகிறார்களோ? இல்லை, நானே என்னையா?

அவளை மாற்றுவதற்குப் பக்கத்து வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவர் முகம் சுளிப்பதில்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

ஆனாலும் குடிப்பேன். எழுந்து எழுந்து உட்காருவேன். நிறுத்தினால் அவள் போக வேண்டும்.

ஏப்ரல் 17, வியாழன்

இன்று சண்டை. உண்மையான சண்டை.

நான் எழ முயன்று தொப்பென்று விழுந்து உட்கார்ந்ததை மகன் வாசலிலிருந்தே பார்த்துவிட்டான். “ஒரு மாசமா குடிக்கிறீங்களே, என்ன ஆச்சு? நீங்களும் விழுந்து அம்மாவையும் தள்ளப்போறீங்க. நான் ரெண்டு பேரையும் வெச்சுக்கிட்டு எங்கப்பா ஓடுவேன்?” அவன் கண் கலங்கியிருந்தது. அப்படியே டப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனான்.

“டேய், கொட்டாதடா! அது என் காசு, என் காலு, என் பொண்டாட்டி!” இப்படிக் கத்தியது நானா? நான்தான்.

அதற்குள் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டான். மாவு கொஞ்சம் விழுந்தது. அதோடு டக்கென்று ஏதோ ஒன்று தொட்டியில் விழுந்தது. நீல நிறத்தில், நீளக் கைப்பிடியோடு, ஒரு பிளாஸ்டிக் அளவுக் கரண்டி. இத்தனை நாளும் மாவுக்குள் புதைந்தே கிடந்திருக்கிறது.

அவன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். “இத்தனை நாளா எதுல அளந்தீங்க?”

தேக்கரண்டியைக் காட்டினேன். ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்த்தோம். யானைக்குப் பக்கத்தில் எலி.

கூடத்திலிருந்து அவள் குரல் வந்தது. “என்னடா ஆச்சு?”

“அப்பா பயில்வான் மாவைக் குடிக்கவே இல்லம்மா. மோந்து பாத்திருக்காரு.”

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. “அப்படின்னா அது வேலை செய்யலன்னு நீ சொல்ல முடியாது. ஜூன் வரைக்கும் வாயத் தெறக்காதே” என்றேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

முழுக் கரண்டி. நாளெல்லாம் வயிற்றுக்குள் இடி முழக்கம். பாதிப் பாதியாக இரண்டு வேளை குடிக்கச் சொன்னாள் பிசியோ பெண்.

மே 12, திங்கள்

கைகளைக் கட்டிக்கொண்டு எழுந்தேன். கைப்பிடியைத் தொடவில்லை. தற்செயலோ என்று மறுபடி உட்கார்ந்து எழுந்தேன். தற்செயல் இல்லை.

மாவு செய்ததா, பயிற்சி செய்ததா என்று பிசியோ பெண்ணைக் கேட்டேன். “ஒண்ணு செங்கல், ஒண்ணு கொத்தனார் ஐயா. வீட்டை எது கட்டுச்சுன்னு கேப்பீங்களா?”

மருத்துவரைக் கேட்டுவிட்டு, இப்போது அவளும் அரைக் கரண்டி குடிக்கிறாள். ருசி சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருக்கிறதாம். தினமும் திட்டிக்கொண்டே தம்ளரைக் காலி செய்கிறாள்.

ஜூன் 8, ஞாயிறு

மகன் வந்தான். “இல்லத்துல கேக்குறாங்கப்பா. ஏதாவது சொல்லணும்.”

“உக்காரு” என்றேன்.

கட்டிலருகே போனேன். பிசியோ பெண் சொல்லித் தந்தபடி பாதங்களை அகட்டி வைத்து, முழங்காலை மடக்கி, அவளைத் தூக்குவதற்காக இடுப்பில் கட்டியிருந்த பட்டையைப் பிடித்தேன். அவள் நல்ல கையால் என் தோளைப் பற்றினாள். மகன் பாதி எழுந்துவிட்டான். “உக்காருன்னு சொன்னேன்ல?”

எழுந்தோம். முட்டி நடுங்கியது. மடியவில்லை. திரும்பினோம். நாற்காலியில் மெதுவாக அவளை இறக்கினேன், தொப்பென்று இல்லாமல்.

“பரவாயில்ல, கல்யாணத்தன்னிக்குக்கூட என்னை இவ்வளவு கெட்டியா பிடிக்கல” என்றாள்.

மகன் குனிந்து என் முட்டியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, “முட்டி வலிக்குதாப்பா?”

“வலிக்குது.”

“அப்புறம்?”

“வலிக்கட்டும். அனுப்ப மாட்டேன்.”

ஜூன் 17, செவ்வாய்

இல்லத்திலிருந்து போன் வந்தது. நானே எடுத்து, வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார்கள். சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மாவு தீர்ந்துவிட்டது. நாளைக்குக் கடைக்குப் போக வேண்டும் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மேசைமேல் ஒரு புது டப்பா இருந்தது. மகன் காலையில் வந்து வைத்துவிட்டுப் போனானாம், நான் குளித்துக்கொண்டிருந்தேனாம்.

சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு மூடியைத் திறந்தேன். உள்ளே கையை விட வேண்டியிருக்கவில்லை. முத்திரைத் தாள் முன்பே கிழிக்கப்பட்டிருந்தது. மாவுக்கு மேலே, துடைத்துச் சுத்தமாக, கைப்பிடி என் பக்கம் பார்க்க, கரண்டி இருந்தது.