மலை ரெயினில் தந்த டொபி

இஞ்சேரப்பா,

மத்தியானம் வந்து சாப்பிடச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வைச்சிருக்கிறன்.

“செக்பொயின்றில ஆமிக்காரன் கூப்பிடக் கூப்பிட நடக்கிறாய், சுட்டிருந்தால்?” எண்டு நேற்றுக் கத்தினீங்கள். திமிரில்லையப்பா. இடது காது அடைச்சுக் கிடக்குது, கேக்கேல்லை. கையும் விறைக்குது, தலையும் சுத்துது. டொக்டர்மாருக்கு ஒண்டும் பிடிபடேல்லை. நீங்கள் பயப்பிடுவியள் எண்டு சொல்லேல்லை. இண்டைக்கு இன்னொரு டொக்டரிட்டைப் போறன். செக்பொயின்ற் கேக்கிற வலது காதுப் பக்கம் வாற மாதிரி றோட்டைக் கடந்துதான் நடப்பன்.

கலியாணம் முடிச்சு நுவரெலியாவுக்குப் போகேக்கை, ரெயின் மலை ஏற ஏற என்ரை காது அடைச்சது. உங்கட கோட்டை எனக்குப் போத்திவிட்டு, ஒரு டொபியை உரிச்சு வாயில வைச்சு, “விழுங்கு, திறக்கும்” எண்டனீங்கள். திறந்தது.

பத்மா

பி.கு.: பின்னேரம் வேலை முடிஞ்சு வரேக்கை டொபி வாங்கிக்கொண்டு வாங்கோ. இது திறக்காது எண்டு தெரியும். ஆனாலும் நீங்கள் உரிச்சுத் தாங்கோ.