புழுதிப் படம்

இன்று காலை மோர்னிங்சைட் வீதியில் காட்டு வாத்துகள் குஞ்சுகளோடு குறுக்கே இறங்கின. காரை நிறுத்தினேன், எஞ்சினையும் நிறுத்தினேன். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். எனக்கு உம்முடைய குரல்தான் கேட்டது. நீர் இல்லாமல் எனக்கு இது இரண்டாவது வசந்தம்.

பாண் சுடும் தொழிற்சாலை வேலையிலிருந்து நீர் ஓய்வு பெற்றபோது எங்கே போகலாம் என்று கேட்டேன். நீர் கோயில் கேட்கவில்லை, சிங்கப்பூர் கேட்கவில்லை. செரெங்கெட்டியில் வில்டபீஸ்ட் மாடுகள் ஆறு கடப்பதை ஒருதரம் கண்ணால் பார்க்கவேண்டும் என்றீர். டிவியில் பார்த்த நாளிலிருந்து இருந்த ஆசை. புல்லுக்காடு பார்க்க ஆபிரிக்காவுக்கோ என்று உம்முடைய தங்கச்சி சிரித்தா. நீர் அசையவில்லை. முழங்கால் வலியோடு ஜீப்பில் குலுங்கி வந்தவர் நீர்; வழியெல்லாம் முனகியவன் நான்.

என்ன வெளி அது! கண் எட்டிய மட்டும் மஞ்சள் புல், இடைக்கிடை குடை விரித்த வேல மரங்கள், அதற்கு மேலே வானம் மட்டும்தான். மாரா ஆற்றங்கரையில் நாள்கணக்காகக் காத்திருந்தோம். கடைசி நாள்தான் மந்தை கரையில் வந்து கூடியது. வரிக்குதிரைகள் முன்னுக்கு நின்று தண்ணீரை மோந்து பார்த்தன. கிட்டப் போனால் வடிவாகத் தெரியும், ஆனால் வண்டியைக் கண்டு மிரண்டு திரும்பினாலும் திரும்பும் என்றார் ஓட்டுநர். முடிவை உம்மிடம் விட்டோம். எத்தனை வருட ஆசை! போகச் சொல்வீர் என்றே நினைத்தேன்.

“எஞ்சினை நிப்பாட்டச் சொல்லுங்கோ. அதுகள் முதல்ல கடக்கட்டும். நாங்கள் பாக்க வந்த ஆக்கள்தானே.”

கடந்தன. தரை அதிர்ந்தது. தண்ணீரில் பாய்ந்ததை நாங்கள் காணவில்லை. எழும்பிய புழுதியையும், பிறகு அக்கரையில் நனைந்த முதுகுகள் ஏறியதையும்தான் கண்டோம். நீர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதீர், சிரித்தீர்.

திரும்பி வந்து, அன்று நான் ஜீப்பிலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கி ஹோலில் மாட்டினீர். முழுக்கப் புழுதி. மாடு எங்கே என்று தங்கச்சி கேட்டா.

“உந்தப் புழுதிக்குள்ளதான் எல்லாம் போகுது.”

அதைச் சொல்லும்போது உம்முடைய முகத்தில் இருந்த பெருமிதம்! எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் அந்தப் படத்தைத்தான் இன்றும் காட்டுகிறேன்.

வாத்துகள் நடுவீதியில் யோசித்துக்கொண்டு நின்றன. பின் காரிலிருந்து ஒரு தமிழ் இளைஞர் இறங்கி வந்து, கார் பழுதோ அண்ணை என்றார்.

“இல்லைத் தம்பி. உதுகள் முதல்ல கடக்கட்டும். இது என்ர மனிசியின்ர சட்டம்.”

அவர் வாத்துகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய்த் தன் எஞ்சினையும் நிறுத்தினார்.