அரை விரல் முந்திய பொறி

லாச்சப்பல், பாரிஸ்
14.10.2024

அன்புள்ள யூலியன் அண்ணைக்கு,

நான் சுகம். இளவாலையில் உங்கள் முழங்கால் வலி மாதாவின் கருணையால் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லத்தான் இரண்டு தரம் எடுத்தேன். மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன். அதனால் இதை எழுதி, வெள்ளிக்கிழமை ஊருக்கு வரும் றஜீவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

போன ஞாயிறு சார்செலுக்குப் போய் உங்கள் மகள் கஜானியைப் பார்த்தேன். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மற்றப்படி பயமில்லையாம். பிள்ளைப்பேற்றுக்கு இன்னும் மூன்று கிழமை. மருமகன் மிதுசன் இன்னும் பேர்மி, அதுதான் லைசென்ஸ், எடுக்கவில்லை, கார் ஓட்டத் தெரியாது. "நோ வந்தால் நீதான் அவளை ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போகவேணும். வேறை ஒருத்தரையும் நான் நம்பமாட்டன்" என்று நீங்கள் சொன்னபோது நானும் ஓம் என்றேன். அந்த ஓமைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்பதை இதை வாசித்துவிட்டு நீங்களே தீர்மானியுங்கள்.

ஒபர்வில்லியேயில் நான் வேலை செய்யும் கராஜுக்குப் போன மாதம் பெற்றோலில் ஓடும் ஒரு பழைய லொறி வந்தது. படப்பிடிப்புகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பாரம் ஏற்றினால் இழுவை இல்லை, கொதிக்கிறது, தகரப்பேணியில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி என்ஜினுக்குள் ஒரு சத்தம். முதலாளி மாக்சிம் ரேடியேட்டரை மாற்றினான், காபரேட்டரைக் கழுவினான். சத்தம் போகவில்லை. டைமிங் லைட் பிடித்துப் பார்த்தால் கப்பியில் உள்ள குறி சரியான இடத்தில்தான் நிற்கிறது. நான் குறியை நம்பாமல் முதல் பிளக்கைக் கழற்றி, கம்பி விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைப் பிடித்தேன். குறி போட்ட வளையமே வழுக்கியிருந்தது. பிளக்கில் தீப்பொறி நேரத்துக்கு முந்தி விழுகிறது. பொறி விழும் நேரத்தை வைக்கிற டிஸ்ரிபியூட்டரை அரை விரல் பின்னுக்குத் திருப்பினேன். சத்தம் நின்றுவிட்டது.

"உனக்குக் காதிலைதானடா கண்" என்று நீங்கள் பகிடி பண்ணுவது ஞாபகம் வந்தது. கையைக் கழுவிவிட்டுப் பாண் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

அந்தச் சத்தம்தான் அண்ணை, தொண்ணூற்று மூன்றில் உங்கள் லொறியிலும் கேட்டிருக்கும்.

பெற்றோல் தடைக் காலம். எல்லோரையும் போல நாங்களும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். உங்கள் லொறிக்கு மெக்கானிக்காக இருந்த நான் அதற்காகப் பொறியைப் பிந்தி விழ வைத்திருந்தேன். மலரக்காவின் பேற்றுக்கென்று ஒளித்து வைத்திருந்த இரண்டு போத்தல் பெற்றோலை, அவவுக்கு நோ கண்ட அன்று விடிய நீங்கள் ஊற்றினீர்கள். நன்றாக இழுக்கட்டும் என்று நான் டிஸ்ரிபியூட்டரை அரை விரல் முன்னுக்குத் திருப்பினேன். உங்களிடம் சொல்லவில்லை. ஷெல்லடிக்குப் பயந்து சுற்றிப் போனதில் பெற்றோல் முடிந்துவிட்டது. வழக்கம்போல மண்ணெண்ணெயை ஊற்றினீர்கள். பெற்றோலுக்கு வைத்த டைமிங்கில் மண்ணெண்ணெய் எரிந்தால் என்ஜின் தாங்குமா? சண்டிலிப்பாய் தாண்டிக் கொதித்து நின்றுவிட்டது. கஜானி லொறிப் பெட்டிக்குள் பிறந்தாள். மலரக்கா ஆஸ்பத்திரியைக் காணாமலே கண்ணை மூடிவிட்டா.

அடுத்த நாள் லொறியைப் பார்க்க வந்தவன் நான். திறந்ததுமே விளங்கிவிட்டது. ஒருவரும் காணமுன் பழைய இடத்துக்குத் திருப்பி இறுக்கிவிட்டு, "மண்ணெண்ணெயிலை தண்ணி கலந்திருக்கு அண்ணை" என்றேன். "நான்தானே ஊத்தினனான்" என்று மட்டும் சொன்னீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

முப்பத்தொரு வருடம். நீங்கள் ஊற்றிய எண்ணெயில் ஒரு பிழையும் இல்லை. பிழை என் கையில், பொய் என் வாயில். எழுதும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வெட்கம் மட்டும் இருக்கிறது.

கஜானிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். வேறு ஆளைப் பிடிப்பதென்றால் திரான்சியில் றெஜினா இருக்கிறா, நிதானமாக ஓட்டுவா. நம்பரை றஜீவனிடம் கொடுத்திருக்கிறேன்.

மலரக்காவின் பிள்ளைக்கும் அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் மாதா வழித்துணையாக இருக்கட்டும். என் கார் டாங்க் நிறையப் பெற்றோலோடு வீட்டுக்குக் கீழே நிற்கிறது. நீங்கள் இன்னொரு தரம் ஓம் என்றால்தான் திறப்பை எடுப்பேன்.

இப்படிக்கு,
நீங்கள் நம்பிய தம்பி,
ஸ்ரனிஸ்லாஸ்