அப்பாவின் பெயரில் ஒரு கல்வெட்டு

மிட்டர்கிரூண்ட்,
16 அக்டோபர் 1962

அன்பு மகள் வால்புர்காவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் உடம்புக்குக் குறையில்லை, முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் கனடாக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய கையுறை கிடைத்தது, கட்டைவிரலில் தையல் சரியில்லை, பிரித்துத் தைத்துக்கொண்டேன்.

அப்பா போய்ச் சேர்ந்த பிறகு இப்போது இங்கே அவரைக் கல்லில் வெட்டப் போகிறார்கள். மலைப்படை முன்னாள் வீரர் சங்கத் தலைவர் மேஜர் ஹூண்ட்லர் போன வாரம் தொப்பியில் இறகோடு வந்து, பிளம்ஸ் கேக் மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு, கல்லறைத் திருநாளன்று கோயில் சுவரில் பதிக்கப்போகும் வாசகத்தை எழுந்து நின்று வாசித்தார். அதன்படி உன் அப்பா போரில் நார்வேயில் பனியை வென்றார், கிரேக்கத்தில் பாறையை வென்றார், காக்கசஸில் வீரர்களுக்கு முன்னால் ஏறி மேகத்துக்கு மேலே கொடி நாட்டினார். அந்த மலைகளில் வீடுகளும் மனிதர்களும் இருந்தார்கள் என்பதற்கு அதில் இடமில்லை. "முன்னால ஏறினது யாரு?" என்று கேட்டேன். "ஜெனரல்தான், ஜெனரலம்மா" என்றார். "கோயில்ல பாட்டு மாடத்துக்கு ஏறினாலே மூச்சு வாங்கற மனுஷன் அவர்" என்றேன். மேஜர் மீசையைத் துடைத்துக்கொண்டு, "கல்வெட்டுல எல்லாருக்கும் மூச்சு நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

உன் அப்பாவுக்குப் படையில் சுமை ஏற்றிய கோவேறு கழுதைகள் அத்தனையின் பெயரும் தெரியும், சிப்பாய்களின் பெயர்தான் நிற்காது. காக்கசஸில் சண்டை கீழே கணவாயில் நடக்க, அவர் கூடாரத்தில் காய்ச்சலோடு படுத்தபடியே சிகரத்தைப் பிடித்தார். அப்போது எனக்கு எழுதிய கடிதத்தை நான் உனக்குக் காட்டியதில்லை. அதில் அவர், கொடி ஏற்றியாயிற்று, மூடுபனியில் புகைப்படம் தெளிவாக விழவில்லை, பெர்லினுக்கு நல்ல படம் வேண்டும் என்பதால் அதே ஆட்களை மறுபடி ஏற்றினேன், இறங்கும்போது புயலில் மூவர் உறைந்துபோனார்கள், படம் அருமையாக வந்திருக்கிறது, கொடிக்கு இடப்பக்கம் நிற்பவன் அந்த மூவரில் ஒருவன், நம் ஊர் ரொட்டிக்காரி மகன், பெயர் மறந்துவிட்டது என்று எழுதியிருந்தார். கடைசி வரியில் கம்பளிக் காலுறை கேட்டிருந்தார். நான் பின்னி அனுப்பினேன்.

அவன் பெயர் சவேர். எதிரியின் குண்டு பட்டு நொடியில் இறந்தான் என்று உன் அப்பா கையெழுத்திட்டு அவன் தாய் கிரெசென்ஸுக்கு அனுப்பிய கடிதம் கடையில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. திருநாளன்று அவள் அதை எல்லார் முன்னாலும் வாசித்துக் கல்வெட்டின் திரையை விலக்க வேண்டுமாம், மேஜரின் ஏற்பாடு. என் சம்மதக் கையெழுத்துதான் பாக்கி. அவள் வாசிப்பாள் என்று கேட்கும்வரை எனக்குப் பெருமையாகவே இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். பேனாவை எடுத்தவள் கையெழுத்துப் போடாமல், வாசகத்தின் கடைசி வரியை அடித்துவிட்டு, "ஒரு புகைப்படத்துக்காக மறுபடி ஏற்றினார், மூவர் திரும்பவில்லை" என்று திருத்தினேன். "இதுக்கா நாங்க கல்லு வாங்கினோம்?" என்று மேஜர் கத்தினார். வாங்கின இடத்திலேயே கொடுத்துவிடுங்கள் என்றேன். நான்காவது துண்டைத் தொடாமல் போய்விட்டார்.

மறுநாள் காலை, அப்பா எனக்கு எழுதிய அந்தக் கடிதத்தோடு ரொட்டிக் கடைக்குப் போனேன். கிரெசென்ஸ் கையிலிருந்த மாவைத் துடைத்துவிட்டு இரண்டு முறை படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "இருபது வருஷமா தினம் எங்கிட்ட ரொட்டி வாங்கினீங்களே, ஜெனரலம்மா, ஒரு நாள்கூடவா வாய் வரல?" என்றாள். சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு என் தலைக்கு மேலே, பின்னால் நின்ற வரிசையைப் பார்த்து, "அடுத்து யாரு?" என்றாள்.

அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று உன் அண்ணன் எழுதுவான், நீ அவனோடு சண்டைக்குப் போகாதே. பிள்ளைகளுக்கு இரவு ஜெபம் தவற வேண்டாம். ஆண்டவர் உங்கள் எல்லாரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. அப்பா உன் கல்யாணத்துக்குத் தந்தாரே, கொடியோடு ஒரு புகைப்படம், உன் கூடத்தில் மாட்டியிருப்பது. அதைக் கழற்றி விமானத் தபாலில் எனக்கு அனுப்பு. சவேரின் கடைசிப் படம் அது, அவன் தாய் பார்த்ததில்லை. அவள் அதை என் முகத்தில் எறிந்தாலும் சரி.

உன் அம்மா,
தெரேஸ்