குளிருக்குச் சாகாத துளசி

ஆகஸ்ட் 12, செவ்வாய்
வெயில். புழுக்கம். காலை ஆறரைக்குச் செடிகளுக்குத் தண்ணீர். இவ்வளவும் எழுதப் பத்து நிமிடம். எழுபத்தொரு வயதில் என் கையே எழுதுகிறது. என்ன சந்தோஷம்!

மற்றதெல்லாம் அருவருப்பு. வீட்டுப் பின்வளவுத் துளசியில் இலை முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். தொட்டால் மா மாதிரி விரலில் ஒட்டுகிறது. அடி இலைகள் கறுத்துச் சுருண்டு கிடக்கின்றன. முகர்ந்தேன். நனைந்த சாக்கு மணம். மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன்.

வெட்டப் போகிறேன் என்றேன். மனைவி பாக்கியம் விடவில்லை. "துளசியை ஆரும் வெட்டுவினமோ?"

வாங்க: பால், கொத்தமல்லி, சவர்க்காரம்.

ஆகஸ்ட் 13, புதன்
தூறல். கத்தரிக்கோல் தேடும்போது, செடியோடு கடையில் தந்த, பெயர் அச்சடித்த பிளாஸ்ரிக் மட்டை அகப்பட்டது.

நாலு வருடத்துக்கு முன் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டுத் துளசி என்று வாங்கி வந்தேன். "வடிவாத் தெரியுமோ?" என்று பாக்கியம் கேட்டாள். மட்டையில் வாசித்தேன் என்றேன். அப்போது எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. நாற்பத்தாறு வருடமாக அவளுக்கு அதை மறைத்திருக்கிறேன். கடிதம் வந்தால் கண்ணாடி இல்லை என்பேன். இப்போது எழுத்துப் பழகும் வகுப்புக்குப் போவதும், அவளைப் பொறுத்தவரை, சீட்டு விளையாட.

இன்று எழுத்துக் கூட்டினேன். ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. பீ பாம். பெயரே வாயில் வைக்கக் கூசுகிறது. வகுப்பு ரீச்சருக்குப் போன். தேனீ வரும் பூச்செடியாம். துளசிக்குத் தூரத்துச் சொந்தம். நோய் வந்தால் அடியோடு வெட்டலாம், திரும்பத் தளிர்க்கும். நல்ல இலையில் தேநீர் வைக்கலாம்.

துளசி இல்லை. அதுதான் இந்தக் குளிர்நாட்டு ஸ்னோவுக்குள்ளும் சாகவில்லை. அற்புதம் என்று நாலு வருடமாக விளக்கு வைத்தோம். பக்கத்து வீட்டுச் சரோஜா வெள்ளிதோறும் இலை கொண்டுபோகிறாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்
சீ. இதையும் எழுத வேண்டியிருக்கிறது.

காலை சரோஜா வேலியால் எட்டிப் பார்த்துக் கத்தினாள். "அண்ணை! விபூதி! இலை முழுக்க விபூதி கொட்டியிருக்கு!" ஓடிவந்து பூஞ்சணத்தை வழித்து நெற்றியில் மூன்று குறி. நான் வாய் திறக்குமுன் ஒரு சிட்டிகை நாக்கில். "கொஞ்சம் புளிக்குது."

நாளைக்குத் தங்கச்சியைக் கூட்டி வருகிறாளாம். தங்கச்சிக்கு நெடுநாள் வயிற்று வருத்தம். தீர்த்தத்தில் கரைத்துக் கொடுக்கவாம்.

இனிமேல் மறைக்க முடியாது. பின்னேரம் மட்டையைப் பாக்கியத்திடம் நீட்டினேன். "இது துளசி இல்லை. அண்டைக்கு நான் வாசிக்கேல்லை. எனக்கு வாசிக்கத் தெரியாது. இப்பதான் பழகிறன்."

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "துளசி உப்பிடிச் சிவப்பாப் பூக்குமோ? முதல் கோடையே எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் பேசாமல் இருந்தனீர்?"

"வாசிச்சனான் எண்டல்லோ சொன்னியள். பொய் எண்டு சொன்னால் முகத்தை எங்கை வைப்பியள்?" பிறகு, "சீட்டு விளையாடுற ஆம்பிளையின்ரை விரலிலை ஏனப்பா மை?"

கண்ணைத் துடைத்தாள். வெங்காயம்தான் என்றாள்.

"சரோஜாவுக்கு நீங்களே வாசிச்சுக் காட்டுங்கோ."

ஆகஸ்ட் 15, வெள்ளி
விடியவே அடியோடு வெட்டினேன். இரண்டு பை. தண்டுக்குள் வழுவழுத்த புழு. தூ.

சரோஜா தங்கச்சியோடு வந்தாள், கையில் செம்பு. "ஐயோ அண்ணை, துளசி எங்கை?"

மட்டையைப் பிடித்து ஏழு எழுத்தையும் உரத்து வாசித்தேன். முதல் முறையாக ஆட்களுக்கு முன்னால். பிறகு விளக்கினேன்.

"அப்ப நான் நாக்கிலை வைச்சது?"

"பூஞ்சணம், பிள்ளை."

தண்ணீர்ப் பைப்படியில் நின்று காறிக் காறிக் கொப்பளித்தாள். தங்கச்சி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 16, சனி
வெயில். வெட்டின அடியில் இவ்வளவு நாளும் மறைந்திருந்த ஏழெட்டுத் தளிர், சுத்தப் பச்சை. நாலு இலை கிள்ளித் தேநீர். பல்லுக்குப் பூசும் மருந்து மாதிரி. சகிக்கவில்லை. பாக்கியம் என்னுடையதையும் குடித்தாள்.

ஐஸ்கிரீம் குச்சி ஒன்று தந்து பெயர் எழுதச் சொன்னாள். 'தேனீச் செடி' என்று எழுதினேன். வாங்கிப் பார்த்தாள். "கொம்பு கோணல்." தளிருக்குப் பக்கத்தில் குத்தினாள். விளக்குக் கொளுத்தினாள். குச்சிக்கும் ஒரு குங்குமப் பொட்டு.

"உதிலை துளசி எண்டு எழுதேல்லையே" என்றேன்.

"ஓம். வாசிச்சனான்."